நீலம் வந்தால் கந்தரப்பம்

காரைக்குடி சேவுகன் கொத்தனார் கந்தரப்பம் என்னும் வெல்லப் பணியாரத்தைத் தின்று ஒரு வருஷமும் நாலு மாதமும் ஆகியிருந்தது. நாள் கணக்கும் தெரியும்.

சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்ன அன்றே வீட்டில் ஆட்சி மாறிவிட்டது. மனைவி சொர்ணவல்லி கண்ணாடிக் குழாய், ஸ்பிரிட் விளக்கு, நீல மருந்து எல்லாம் வாங்கி வந்தாள். வெள்ளிதோறும் காலையில் சேவுகன் பழுப்புச் சீசாவில் சிறுநீர் பிடித்து அடுப்படி வாசலில் வைத்துவிட்டுக் குளிக்கப் போகவேண்டும். வந்ததும் அவர் கண்ணெதிரே மருந்தில் எட்டுச் சொட்டு விட்டுக் காய்ச்சுவாள். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று ஏறிச் செங்கல் நிறம் வந்தால் வண்டி வண்டியாய் இருக்கிறது என்று அர்த்தம். சேவுகனுக்கு எப்போதும் மஞ்சள்தான்.

மார்கழி பிறந்தது. பக்கத்து வீட்டில் பாகு காய்ச்சும் வாசனை. சுவரோரம் நின்று மூக்காலேயே அரைப்படி தின்றார்.

"வல்லி, தைப்பூசத்துக்கு ரெண்டே ரெண்டு கந்தரப்பம் சுடக்கூடாதா? ஓரம் முறுகலா, நடுவுல மெத்துனு..."

"சுடலாம். மூணு வெள்ளி சேர்ந்தாப்ல நீலம் வரட்டும்."

ஒரு வாரம் கேப்பைக் களியும் வெந்தயமுமாக யோக்கியமாக இருந்து பார்த்தார். மஞ்சள்! யோக்கியத்துக்கு மரியாதை இல்லை என்று முடிவுகட்டினார். அடுத்த வெள்ளி சீசாவில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி வைத்தார்.

மருந்து அசையவில்லை. மயில் கழுத்து மாதிரி நீலம்.

சொர்ணவல்லி குழாயைப் பார்த்தாள், சீசாவைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். "நல்லதுதான்" என்றாள்.

அன்று மானகிரியில் வேலைக்குப் போன இடத்தில் சேவுகன் சீனி போட்ட டீ மூன்று குடித்தார்.

மறு வெள்ளியும் கிணற்றுத் தண்ணீர்தான். காய்ச்சினாள். நீலம் கலங்கியது, பச்சையானது, மஞ்சளானது. நிற்கவில்லை. காளவாசலில் அப்போதுதான் பிரித்தெடுத்த செங்கல் மாதிரி வந்து நின்றது.

"என்ன தின்னீக?"

"ஒண்ணும் தின்னலடி! அது வெறும் தண்ணி..."

"தண்ணியா?"

"வெறும் தண்ணிதான் குடிச்சேன்னு சொல்ல வந்தேன்."

கிணற்றுக்கே சர்க்கரை வியாதியா? மூன்றாம் வெள்ளிக்கு ஊருணியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார். அதுவும் செங்கல்!

சேவுகனுக்கு வேர்த்தது. கிணறு ஒன்று, ஊருணி வேறு. இரண்டையும் தொட்டது ஒரே கை. தொட்ட தண்ணீரெல்லாம் சர்க்கரையாகிறது என்றால் வியாதி எங்கே வந்து நிற்கிறது! ரகசியமாக விரலை நக்கிப் பார்த்தார். உப்புக் கரித்தது. ஆறுதலாக இல்லை. அண்ணன் முத்தப்பனுக்கு இதே வியாதியில் கால் போய், பிறகு ஆளே போனது நினைவுக்கு வந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"வல்லி, அது என்னுது இல்லடி. ஊருணித் தண்ணி. போன வாரம் கிணத்துத் தண்ணி. நான் தொட்டாலே சர்க்கரை ஏறுதுடி. இன்னும் எத்தனை நாள் இருப்பேனோ!"

சொர்ணவல்லி விளக்கை அணைத்தாள்.

"முதல் வெள்ளியே தெரியும். அப்பப் பிடிச்சது வெதுவெதுன்னுல்ல இருக்கணும்? சீசா சில்லுனு இருந்துச்சு. கம்பவுண்டர் அழகுசுந்தரத்துக்கிட்டப் போயிக் கேட்டேன். சீனி போட்டா மருந்து மாறாதாம், தேன் விட்டா மாறுமாம். இந்த ரெண்டு வெள்ளியும் நீங்க குளிக்கப் போனதும் சீசாவுல ஒரு கரண்டி விட்டேன்."

"அடிப்பாவி! உசுரே போயிருச்சேடி!"

"உங்க அண்ணன் காலுக்குக் கட்டுப் போட்டவ நான். அந்தக் காலை இன்னொரு தடவை பாக்க எனக்குத் தெம்பு இல்லை." குழாயைக் கழுவி வைத்தாள். "ஆசை உங்களுக்கு மட்டுந்தானா? நானும் இந்த ஒரு வருஷம் நாலு மாசமா ஒரு இனிப்பை வாயில வைக்கலை. உங்களை உக்கார வச்சுக்கிட்டு எப்படித் திங்க?"

சேவுகன் நிமிர்ந்து பார்த்தார். அவளும் மாதத்தை எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். பாகு வாசனை வரும்போதெல்லாம் அவள் அடுப்படி ஜன்னலைச் சாத்தியது ஏன் என்று இப்போதுதான் புரிந்தது.

"இனிமே ஏமாத்த மாட்டேன் வல்லி. நம்பு."

"நம்புறேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த வெள்ளி. சீசாவும் கையுமாகக் கொல்லைத் தட்டி மறைவுக்குள் போன சேவுகன் திரும்பினால், உள்ளே சொர்ணவல்லி நிற்கிறாள்.

"ஏடி, நம்புறேன்னு சொன்னியே!"

"நம்புறேன். அதான் அங்குட்டுத் திரும்பி நிக்கிறேன்."