அழுக்குக் கைக்குட்டை

செங்கல்பட்டிலிருந்து கடற்கரைக்குப் போகும் காலை வண்டியில், கூடுவாஞ்சேரியில் ஏறி உட்கார இடம் கிடைத்தது என்று ஒருவன் சொன்னால், அவன் பொய்யனாக இருக்க வேண்டும். அல்லது நானாக இருக்க வேண்டும்.

சீசன் டிக்கெட்டைப் பற்றி மக்களிடையே ஒரு தவறான கருத்து உலவுகிறது. அந்த டிக்கெட் பயணம் செய்யும் உரிமையை மட்டும்தான் தருகிறது. உட்காரும் உரிமையைத் தருவதில்லை. அந்த இரண்டாவது உரிமையைத் தருவது கைக்குட்டை.

என் கைக்குட்டை செங்கல்பட்டில் இருக்கும் மோசஸிடம் குடியிருந்தது. மோசஸ் என் வண்டித் தோழன். காலி வண்டியில் முதலில் ஏறி, தன் பக்கத்து ஜன்னலோர சீட்டில் அதை விரித்துவிடுவான். கூடுவாஞ்சேரியில் நான் ஏறி, ராஜா சிம்மாசனத்தில் அமர்வதுபோல அமர்வேன். இதில் ஒரு சட்ட நுணுக்கம் உண்டு. வெள்ளைக் கைக்குட்டை என்றால் எவனாவது எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவான். அழுக்குக் கைக்குட்டையைத் தொட எவனுக்கும் மனம் வராது. ஆகவே அதைத் துவைக்கவே கூடாது என்று மோசஸுக்கு உத்தரவு போட்டிருந்தேன்.

கூடுவாஞ்சேரி வீட்டில் நிலவரம் வேறு. அங்கே நான் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே வருகிற தியாகி. மாலையில் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு ஒரு முனகல் முனகுவேன். என் மனைவி துர்காதேவி வாளியில் வெந்நீர் கொண்டுவந்து வைப்பாள். காலை அதில் விடுவேன். கையில் டீ வரும். ரேஷன் கடை, காய்கறிக் கடை, மாவு மில் எதற்கும் என்னை அனுப்பமாட்டாள். நின்றுவிட்டு வந்தவனை மறுபடி வரிசையில் நிறுத்துவார்களா?

இப்படி ஒரு பொற்காலம் போய்க்கொண்டிருந்தபோது, துர்காவுக்குப் பாரிமுனையில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை கிடைத்தது.

"ஏங்க, நானும் சீசன் எடுத்துட்டேன். நாளையிலேர்ந்து உங்க வண்டியிலதான் வரப்போறேன்."

டீ மூக்கில் ஏறியது.

"லேடீஸ் பெட்டியில போ துர்கா. காத்தோட்டமா இருக்கும்."

"அங்க மட்டும் கூட்டம் இல்லியா?"

"கூட்டமே கிடையாது. தாராளமா உட்காரலாம்."

"நீங்க எப்ப அதுல ஏறிப் பாத்தீங்க?"

"ஏறலை. பிளாட்பாரத்துல நின்னு பாக்கறதுதான்."

"ஓகோ. கால் நோவுதுன்னு வெந்நீர் கேக்கற மனுசன், லேடீஸ் பெட்டிய நின்னு நின்னு பாத்துகினு கீறீங்க."

நான் வாளியிலிருந்து காலை எடுத்துத் துடைத்துக்கொண்டேன்.

"மொத நாளு உங்க கூடவே வரேன். நீங்க எப்பிடி நிக்கறீங்கன்னு நானும் பாக்கணும்."

மொட்டை மாடிக்குப் போய் மோசஸுக்குப் போன் போட்டேன்.

"மோசஸ், நாளைக்கு வீட்டுக்காரம்மா கூட வராங்க. என்னைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்காதே."

"இன்னா சார், எதுனா மேட்டரா?"

"நான் தினமும் நின்னுக்கிட்டு வர்றதா வீட்டுல ஓர் ஐதீகம்."

போனில் ஒரு போலி இருமல் கேட்டது. சிரிப்பை அடக்குகிறான் என்று புரிந்தது. "சரி சார். நீ யாரோ, நான் யாரோ."

எல்லாம் சொன்னேன். கைக்குட்டையை விரிக்காதே என்று சொல்ல மட்டும் மறந்துபோனேன்.

மறுநாள் வண்டி வந்தது. ஏறினோம். ஜன்னலோரத்தில் என் சிம்மாசனம். அதன்மேல் என் கைக்குட்டை. பக்கத்தில் மோசஸ், என்னை அதற்கு முன் ஜென்மத்திலும் பார்த்திராதவன் போல. நான் மேலே கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பழகிய தியாகி போல நின்றேன். துர்காவும் நின்றாள். ஊரப்பாக்கம் வந்தது.

மோசஸுக்கு மனசு கேட்கவில்லை. "யம்மா, நீ உட்காரும்மா. இதுக்கு ஆளு இன்னிக்கு வரல" என்று கைக்குட்டையை எடுத்தான்.

துர்கா கைக்குட்டையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் வெளியே இயற்கைக் காட்சிகளைப் பார்த்தேன். ஒரு சிமென்ட் கிடங்கு போய்க்கொண்டிருந்தது.

"எந்த ஊரும்மா நீ?" என்றான் மோசஸ்.

"கடப்பாக்கம்ணா."

"அட! எங்க அம்மா ஊரே அதாம்மா! எனக்குப் புதுப்பட்டினம். உங்க ஊரு கடலோரக் கோட்டைக்கு அந்தாண்டதான் எங்க தாய்மாமன் வூடு."

வண்டலூரில் அவள் தங்கச்சி ஆகிவிட்டாள். பெருங்களத்தூரில் டிபன் பையைத் திறந்தாள். நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு. என் மதியச் சாப்பாட்டுக்கென்று வைத்தது. இரண்டு இட்லியின் மேல் வைத்து அவனிடம் நீட்டினாள்.

"சாப்புடுண்ணா. அதோ நிக்கறாரே, அவருதான் எங்க வூட்டுக்காரரு. தெனம் நின்னுகினேதான் வராரு, பாவம்."

மோசஸ் தொக்கைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி தொக்கைப் பார்த்தான்.

"அப்பிடியாம்மா? பாவம்!" என்றான். "ஆனா நீ நிக்கக் கூடாது. இனிமே இந்த சீட்டு தங்கச்சிக்குத்தான். அண்ணன் சீருன்னு வெச்சுக்கோ."

தாய்வீட்டுச் சீரில் பங்கு கேட்ட மாப்பிள்ளை எந்தக் காலத்தில் மரியாதையாக வாழ்ந்திருக்கிறான்? மேலும், இல்லாத சீட்டை நான் எப்படி இழக்க முடியும்? தாம்பரத்தில் ஒரு கூட்டமே ஏறி என்னைக் கதவுப் பக்கம் தள்ளியது. அங்கிருந்தும் தொக்கு மணந்தது.

மாலையில் கடற்கரை ஸ்டேஷன். வண்டி புறப்படுவதே அங்கிருந்துதான். பெட்டி முழுக்கக் காலி. துர்கா உட்கார்ந்தாள்.

"இன்னாங்க இது? இங்க சீட்டெல்லாம் ஈ ஓட்டிகினு கீது. நீங்க எதுக்கு தெனம் நின்னுகினு வந்தீங்க?"

தியாகத்துக்கு இலக்கணம் உண்டு. பாதியில் கைவிடக் கூடாது.

"நிக்கறதுதான் முதுகுக்கு நல்லதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"அப்ப நில்லுங்க."

காலிப் பெட்டியில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கூடுவாஞ்சேரி வரை நின்றேன். கோட்டை ஸ்டேஷனில் ஏறிய ஒரு பெரியவர் எனக்கு மூலம் என்று முடிவு கட்டி, துத்திக் கீரை சாப்பிடச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து வாசற்படியைப் பிடித்துக்கொண்டு முனகினேன். வாழ்க்கையில் முதன்முறையாக அது ஒரிஜினல் முனகல்.

"துர்கா, வெந்நீர்! காலு உடைஞ்சு போச்சு. நிஜமாவே!"

"நெசமாவா? அப்ப இத்தினி நாளு?"

'நிஜமாவே' என்ற வார்த்தையைத் திரும்ப விழுங்கப் பார்த்தேன். காலம் கடந்துவிட்டது.

"தெனம் சாயங்காலம் உங்க கன்னத்துல ஜன்னல் கம்பித் தடம் வரி வரியா விழுந்துகினு கீது. நின்னுகினு வர்றவருக்கு அது எப்பிடி விழும்? எனக்கு மொதல்லயே தெரியும்."

"தெரிஞ்சுமா வெந்நீர் வெச்சே?"

"ஒரு வாளி வெந்நீருக்காக மனுசன் இம்மாம் பாடுபட்டு நடிக்கறாரே, போவட்டும்னு வெச்சேன்."

கைப்பையிலிருந்து எதையோ இரண்டு விரல்களால் எடுத்து என் தோளில் போட்டாள். என் கைக்குட்டை.

"காலையில எறங்கறப்ப மோசஸ் அண்ணன் குடுத்துச்சு. தங்கச்சி சீட்டுல அழுக்குத் துணி போடக் கூடாதாம். தோச்சுப் போடுங்க. அப்பிடியே ரேஷன்ல சர்க்கரை போடறாங்களாம், வாங்கியாந்துடுங்க."

"வெள்ளையா இருந்தா எவனாவது எடுத்துட்டு உட்கார்ந்துடுவான் துர்கா" என்று சட்டத்தை எடுத்துச் சொல்லிப் பார்த்தேன்.

"எங்கண்ணன் பக்கத்துல குந்திகினு கீறப்ப எவன் தொடுவான்?"

எவனும் தொடவில்லை. கைக்குட்டை இப்போது தும்பைப் பூ மாதிரி இருக்கிறது. வாராவாரம் துவைக்கிறேன், நின்றுகொண்டேதான், டாக்டர் சொல்லியிருக்கிறாராம்.