காமாக்ஷிக்கு, பால் விஷயமாக

மந்தைவெளி,
கார்த்திகை மாதம், வெள்ளிக்கிழமை காலை

சௌபாக்கியவதி காமாக்ஷிக்கு, உன் அண்ணா கோதண்டபாணி அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. இங்கே நான், உன் மன்னி, என் ரத்த அழுத்தம், குழாயில் வரும் மெட்ரோ தண்ணீர் ஆகிய நால்வரும் ஏறக்குறைய ஒழுங்காக இருக்கிறோம். திருச்சியில் நீயும் மாப்பிள்ளையும் அவருடைய முழங்காலும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று நினைப்பாய். போனில் சொன்னால், உனக்குப் பிடிக்காத இடம் வந்ததும் "அண்ணா, குக்கர் சத்தம் போடறது" என்று வைத்துவிடுகிறாய். போன மூன்று மாதத்தில் பதினொரு தடவை உன் குக்கர் சத்தம் போட்டிருக்கிறது. இரண்டு பேருக்கு அத்தனை சாதம் எதற்கு என்று உன் மன்னி கேட்கிறாள். கடிதத்துக்கு அந்த வசதி கிடையாது என்பதால் எழுதுகிறேன்.

நீ என்னிடம் ஒப்படைத்த வேலையை முதலில் நினைவுபடுத்திவிடுகிறேன், ஏனென்றால் எந்த அறிக்கையும் அப்படித்தான் தொடங்க வேண்டும். உன் பெண் வர்ஷினி வருகிற ஜாதகங்களையெல்லாம் தட்டிக்கழிக்கிறாள். சென்னையில் எவனோ ஒரு பையன் அவள் மனசைக் கெடுத்து வைத்திருக்கிறான். அவன் யார், என்ன ஜாதி, என்ன உத்தியோகம் என்று தாய்மாமனாகிய நான் விசாரித்துச் சொல்ல வேண்டும். அதுவரை அவள் உன் வீட்டுப் படி ஏறக்கூடாது, தை மாதம் மாப்பிள்ளைக்கு நடக்கப்போகும் அறுபதாம் கல்யாணத்துக்கும் வரக்கூடாது. இதுதானே உத்தரவு? பொங்கலுக்கு வந்தவளை அன்றைக்கே திருப்பி பஸ் ஏற்றினாய். அதற்கப்புறம் பத்து மாதமாக நீ அவளோடு பேசவில்லை. மாப்பிள்ளை மட்டும் காய்கறி வாங்கும் சாக்கில் வெளியே போய்ப் பேசுகிறார். உங்கள் வீட்டில் இவ்வளவு வெண்டைக்காய் ஏன் சேருகிறது என்று நீ யோசித்ததுண்டா?

விசாரணையை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நான் கையைப் பிசைந்துகொண்டிருந்த சமயத்தில்தான், என்னோடு பால் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்த கிச்சா போனில் ஒரு அழைப்பிதழ் அனுப்பினான். தரமணியில் சர்வதேச மாநாடாம், பதினெட்டு நாடுகளிலிருந்து பிரதிநிதிகளாம். தலைப்பைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "பால்புதுமை, பால் பன்மை, பால் சமத்துவம்." காமாக்ஷி, முப்பத்துநான்கு வருஷம் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன் நான். பால்புதுமை என்றால் புதுப்புது பால் பொருட்கள். பால் பன்மை என்றால் பசும்பால், எருமைப்பால், ஆட்டுப்பால். பால் சமத்துவம் என்றால் சமன்படுத்தப்பட்ட பால், நீல பாக்கெட். ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் கழித்தாவது என் துறை இவ்வளவு தூரம் வந்திருக்கிறதே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பீரோவிலிருந்து, பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று அளக்கும் பழைய லாக்டோமீட்டரை எடுத்து, துடைத்து, ஜிப்பா பாக்கெட்டில் செருகிக்கொண்டு கிளம்பினேன். தரமணியில்தான் வர்ஷினியின் ஆபீசும் இருக்கிறது, அப்படியே பையனையும் ஒரு நோட்டம் விட்டுவிடலாம் என்று கணக்கு.

ஆட்டோக்காரர் பெயர் கபாலி. வழியெல்லாம் பால் விலை ஏறியதற்கு நான்தான் காரணம் என்பது போலப் பேசிக்கொண்டு வந்தார். வாசலில் இறக்கிவிட்டபோது, "இன்னா சார், மில்க்கு மாநாடுன்னு சொன்னீங்க? கலர் கலரா கொடி கட்டிக்கினு கீறாங்க?" என்றார். ஆறு நிறத்தில் பட்டை பட்டையாகக் கொடி. பாட்டிலில் வரும் வாசனைப் பால்தான், ரோஸ், பாதாம், பிஸ்தா என்று நிறத்துக்கு ஒன்றாக ஆறு வகை என்று அவருக்கு விளக்கினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "சரி நைனா, பாத்துப் போ" என்று மரியாதையைக் குறைத்துக்கொண்டு போய்விட்டார்.

பதிவு செய்யும் மேஜையில் செம்பியன் என்று ஒரு பிள்ளை இருந்தது. பிள்ளை என்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது, மேலே படி. கழுத்தில் மாட்டும் அட்டையில் என் பெயரை எழுதிவிட்டு, "சார், உங்களை எப்படிக் குறிப்பிடணும்? அவன், அவள், அவர், அவங்க, எது போடட்டும்?" என்று கேட்டது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து ரேஷன் கடையிலோ பேங்கிலோ ஒருத்தராவது இதை என்னிடம் கேட்டதுண்டா? "அவர்னே போடு, அறுபத்தேழு வயசாறது" என்றேன். போட்டது. "நோக்கு?" என்று கேட்டேன். "எனக்கும் அவர்தான் சார்" என்று தன் அட்டையைக் காட்டியது. ஆக, இருபத்திரண்டு வயது செம்பியன் அவர்களை இனி நான் அப்படியே எழுதுகிறேன். மரியாதை கேட்டவர்களுக்குக் கொடுப்பதில் நமக்கென்ன நஷ்டம்?

காபி கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்ததும் என் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. பால் இல்லை, காமாக்ஷி. சர்வதேச பால் மாநாட்டில் காபியில் பால் இல்லை. கேட்டால் பாதாம் பாலாம், சில பிரதிநிதிகள் மாட்டுப்பால் தொடமாட்டார்களாம். பாதாமை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த தண்ணீருக்குப் பால் என்று பெயர் வைத்ததே தவறு என்று மூன்று பேரிடம் வாதாடினேன். மூன்று பேரும், "ஒருத்தர் தன்னை என்னன்னு சொல்லிக்கிறாரோ அதை ஏத்துக்கணும் சார்" என்றார்கள். பாதாம் விஷயத்தில் இவ்வளவு உறுதியானவர்களை நான் பார்த்ததில்லை.

உள்ளே பெரிய மண்டபம். காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி கொடுத்தார்கள், ஆங்கிலத்தில் பேசினால் தமிழிலும் தமிழில் பேசினால் ஆங்கிலத்திலும் கேட்குமாம், பின்னால் கண்ணாடி அறையில் யாரோ உட்கார்ந்து மொழிபெயர்க்கிறார்களாம். மேடையில் பேசியவர்கள் சட்டம், குடும்பம், வேலை, வாடகைக்கு வீடு கிடைக்காதது என்று என்னென்னவோ பேசினார்கள், பால் உற்பத்தியாளர்களின் கஷ்டம் என்று நினைத்துத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். பிறகு, அரங்கில் இருப்பவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்லலாம் என்று மைக்கை நீட்டினார்கள். என் கை தானாகத் தூக்கிக்கொண்டது.

"நான் முப்பத்துநாலு வருஷம் பால் துறையிலே இருந்தவன்" என்று ஆரம்பித்தேன். "எங்க காலத்திலே இதையெல்லாம் இப்படிப் பகிரங்கமாப் பேச முடியாது. மேலதிகாரி சீட்டைக் கிழிச்சுடுவார்." படபடவென்று கைதட்டினார்கள். சரியான சபைதான் என்று தைரியம் வந்துவிட்டது. பாக்கெட்டிலிருந்து லாக்டோமீட்டரை எடுத்து உயர்த்திக் காட்டினேன். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு சேகரிப்பு நிலையத்தில், வேலையில் சேர்ந்த முதல் வருஷம் நடந்ததைச் சொன்னேன். உனக்கும் இது தெரியாது, யாரிடமும் சொன்னதில்லை. சுப்பம்மா என்று ஒரு பெண்மணி தினம் ஒரு கேன் பால் கொண்டுவருவாள். அந்த ஊரில் எல்லாம் எருமை. எருமைப்பாலுக்கு உண்டான அளவைத்தான் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அதை வைத்துப் பார்த்தேன், அவளுடைய பால் தேறவில்லை. தண்ணீர் கலந்திருக்கிறாய் என்று எல்லார் எதிரிலும் திட்டி, கேனை ரோட்டில் கவிழ்த்தேன். அவள் அழவில்லை. "பால் மேல தப்பு இல்ல சார், உங்க அளவு மேலதான் தப்பு. எங்க வூட்ல பசு" என்றாள். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து வரவில்லை. ரோட்டில் வெள்ளையாக ஓடிய அந்தப் பால் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. நான் செய்தது பாவம், காமாக்ஷி, அதற்கு வேறு பெயர் கிடையாது. அதைத்தான் சொன்னேன். "எந்தப் பாலும் மட்டமில்லை. ஒரு பாலுக்கு வச்ச அளவை இன்னொரு பாலுக்கு வச்சுட்டு, பாலைக் குத்தம் சொன்னேன்" என்றேன்.

காதுக் கருவியில் என் பேச்சை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்த பெண் குரல் தடங்கி நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்த குரல். திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் வர்ஷினி உட்கார்ந்திருந்தாள், வாயைப் பொத்திக்கொண்டு. நார்வேயிலிருந்து வந்த ஓர் உயரமான அம்மாள் எழுந்துவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டார். செங்கல்பட்டுப் பாலுக்காக அழும் வெளிநாட்டவரை நான் கண்டதில்லை.

சாப்பாட்டு நேரத்தில் வர்ஷினி வந்தாள். "மாமா, இது என்ன மாநாடுன்னு தெரிஞ்சுதான் வந்தேளா?" என்று கேட்டு, தெரியாது என்றதும் விளக்கினாள். பால் என்றால் ஆண்பால், பெண்பால் என்று வரும் பாலாம். ஆணை விரும்பும் ஆண், பெண்ணை விரும்பும் பெண், பிறந்தபோது சொன்ன பாலில் தங்காதவர்கள், இவர்களுடைய உரிமைக்கான மாநாடாம். எனக்கு வேர்த்துவிட்டது. "அப்போ நான் பேசினது?" என்றேன். "நீங்க பால்னு சொன்ன இடத்துலயெல்லாம் நான் சரியாத்தான் சொல்லிண்டு வந்தேன் மாமா. எருமைதான் கொஞ்சம் கஷ்டப்படுத்தித்து." "எருமையை என்னன்னு சொன்னே?" "பெரும்பான்மைன்னு சொல்லிட்டேன்" என்றாள். யோசித்துப் பார்த்தால் செங்கல்பட்டில் அது உண்மைதான்.

அவளோடு நீரஜா என்று ஒரு பெண் இருந்தாள். வர்ஷினியின் சிநேகிதி, இருவரும் அடையாறில் ஒரே வீட்டில் தங்கியிருக்கிறார்கள். ஈக்காட்டுத்தாங்கலில் பம்பு உதிரி பாகம் செய்யும் பட்டறையில் வேலை. என்ன வேலை என்று கேட்டேன். செய்த பாகத்தை அளந்து பார்த்துத் தேறும், தேறாது என்று சொல்வதாம். என்ன ஜாதி என்று நீ கட்டாயம் கேட்பாய் என்பதால் சொல்கிறேன், என் ஜாதிதான், தரக்கட்டுப்பாடு. லாக்டோமீட்டரை வாங்கிப் பார்த்து, கண்ணாடியில் மேல்பக்கம் மெல்லிய விரிசல் இருக்கிறது என்று கண்டுபிடித்தாள். ஒன்பது வருஷமாக நான் பார்க்காதது. அதற்குள் எனக்குத் தட்டில் தயிர் சாதம் குறைந்திருப்பதையும் அவளே கவனித்துக் கொண்டுவந்து போட்டாள். அது மாட்டுத் தயிர், விசாரித்துவிட்டேன்.

ஆகவே, விசாரணை முடிவு பின்வருமாறு. வர்ஷினியின் வாழ்க்கையில் பையன் என்று எவனும் இல்லை. தேடவேண்டிய இடத்திலெல்லாம் தேடியாகிவிட்டது. நீ போட்ட நிபந்தனை பையனைப் பற்றியது, பையனே இல்லாதபடியால் நிபந்தனையும் இல்லை. அவளை அறுபதாம் கல்யாணத்துக்கு நீயே கூப்பிட வேண்டும் என்று பரிந்துரை செய்து இந்தக் கோப்பை முடிக்கிறேன்.

மாப்பிள்ளைக்கு என் நமஸ்காரமும் உன் மன்னியின் விசாரிப்பும். நீ தீர்க்க சுமங்கலியாக, அவருக்கு முட்டி வலி இல்லாமல், குக்கர் சத்தம் குறைந்து நீண்ட நாள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு உன் அண்ணா,
கோதண்டபாணி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் உன் மன்னி படித்துவிட்டு, "கூடப்பிறந்தவளுக்குப் பொய்யா எழுதுவா?" என்று கேட்டாள். அதனால் சில திருத்தங்கள். கிச்சா எனக்கு எந்த அழைப்பிதழும் அனுப்பவில்லை, அவன் சித்திரையிலேயே பிள்ளையோடு டல்லாஸ் போய்விட்டான். அழைப்பிதழைக் கொண்டுவந்து கொடுத்தவள் வர்ஷினி. அதில் நாலாவது அமர்வில் என் பெயர் அச்சாகியிருந்தது. ஆண்பால், பெண்பால், பலர்பால் என்று ஐந்து பாலையும் நீயும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில்தான் ஒப்பித்தோம், எனக்கா பால் தெரியாது? எருமைக்குப் பெரும்பான்மை என்பதுகூட ஒத்திகையில் முடிவு செய்ததுதான். ஒத்திகையில் அவள் குரல் தடங்கவில்லை, மண்டபத்தில்தான் தடங்கியது. அதுவும் சுப்பம்மாவும் மட்டும் மேலே எழுதியபடியே நிஜம்.

பால் என்று ஆரம்பித்தால்தான் கிழிக்காமல் படிப்பாய் என்று அப்படி எழுதினேன். உனக்கும் பையன் இல்லை என்று தெரியும். பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் கிளறிக்கொண்டிருந்த உன்னிடம் வர்ஷினி நீரஜாவின் பெயரைச் சொன்னாள், நீ கரண்டியைக் கீழே வைத்துவிட்டு பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாய். அதற்கு முதல் நாள்தான் அதே பெயரை என்னிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தாள். பத்து மாதமாக இல்லாத பையனை நீ தேடச் சொல்கிறாய், நானும் தேடுகிறேன். இந்த ஒரு கடிதத்துக்கு நடிப்பதற்கே எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. நீ எப்படியம்மா இத்தனை நாள் தாங்கினாய்?

இந்தக் கடிதத்தை வர்ஷினி படித்துவிட்டு, அனுப்புங்கள் என்று சொன்ன பிறகுதான் அனுப்புகிறேன். கல்யாணத்துக்கு நாங்கள் நாலு பேர் வருகிறோம், நாலு இலை. உனக்குப் பிறந்தாத்துப் புடவையும் வாங்கியாகிவிட்டது, தி. நகரில் இரண்டு பெண்களுமாக நாலு மணி நேரம் நின்று எடுத்தார்கள், அரக்கில் மயில்கழுத்துக் கரை. நூல் இழையை எண்ணிப் பார்த்துத் தேறும் என்று சொன்னவள் நீரஜா. புடவை அவள் பெட்டியில் இருக்கிறது. மணையில் உட்கார நீ அதைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும், அவள் வந்தால்தான் அது வரும்.