அத்தர் பூசிக்கொண்டு கிணற்றுத் தண்ணீர் எடுத்தவன்

ஓடைப்பட்டியில் ஒரு நல்ல கிணற்றைப் பத்து நாள் விஷக் கிணறு ஆக்கியவன் நான்தான். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இருந்தாலும் என் வாயால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. தேனியில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் மாதிரி எடுக்கும் வேலை (உத்தியோகத்தின் பெயர் பெரிசு, கையில் இருந்தது வாளியும் ஐஸ் பெட்டியும்தான்). ஓடைப்பட்டியில் மூடிக் கிடந்த ஒரு பூச்சிமருந்து குடோனில் பழைய டிரம்கள் ஒழுகியிருக்குமோ என்று சந்தேகம். நிலத்தடி நீரில் மருந்து இறங்கியிருக்கிறதா என்று பார்க்க, மாதாமாதம் சுற்றியிருந்த கிணறுகளில் தண்ணீர் எடுத்து வரவேண்டும்.

கடைசிக் கிணறு ஒரு திராட்சைத் தோட்டத்தில் இருந்தது. மோட்டார் போட்டுவிட வருவது தோட்டக்காரரின் மகள் பரீதா. குழாயில் தேங்கிய தண்ணீர் போய்ப் புதுத் தண்ணீர் வந்த பிறகே பாட்டிலில் பிடிக்கவேண்டும் என்பது விதி. இருபது நிமிடம் ஓடினால் போதும், நான் நாற்பது நிமிடம் ஓடவிட்டேன். அவள் பந்தல் காலில் சாய்ந்து நிற்பாள். நான் கடிகாரத்தைப் பார்க்கிற சாக்கில் அவளைப் பார்ப்பேன். மாதத்தில் எனக்கு வாய்த்தது அந்த நாற்பது நிமிடம்தான், மீதி நாளையெல்லாம் அதை நினைத்தே ஓட்டினேன்.

மூன்றாவது மாதம் தண்ணீர் எடுக்கும் நாள் வெள்ளிக்கிழமையில் வந்தது. எங்கள் அம்மாவைப் பெண் கேட்க அனுப்புவதென்று முடிவு செய்திருந்தேன். அதற்கு முன் பரீதாவின் முகக்குறிப்பைப் பார்க்கவேண்டும். ஜும்ஆ தொழுதுவிட்டு, பெருநாளைக்கு மட்டும் திறக்கும் எங்கள் அத்தாவின் அத்தர் குப்பியோடு கிளம்பினேன். சென்ட் போடக்கூடாது, கையுறை கழற்றக்கூடாது என்று மேனேஜர் முதல் நாளே சொல்லியிருந்தார். ஏதோ ஒழுக்கத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். கையுறை போட்டால் பிணவறை ஆள் மாதிரி இருக்கிறதே என்று அதையும் கழற்றிவிட்டேன். திராட்சைத் தோட்டத்துக்கு வந்ததும் கழுத்தில், மணிக்கட்டில், போதாதென்று உள்ளங்கையிலும் அத்தரைத் தேய்த்துக்கொண்டு பாட்டில்களை மூடினேன். பரீதா தும்மினாள். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் முடிவு வந்தது. அந்தக் கிணற்றில் மட்டும் பெயர் தெரியாத ஏதோ ரசாயனம். தண்ணீரைத் தொடக்கூடாது என்று நோட்டீஸ் போனது. பழம் பழுக்கிற நேரம். பேசிவைத்த வியாபாரி போனை எடுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். (நான்தான் அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றப் போகிறேன் என்று மனசுக்குள் வீரவசனம் வேறு.)

நோட்டீஸ் போன பத்தாம் நாள், அதுவும் வெள்ளிக்கிழமை, அத்தர் வாசத்தோடு போயிருந்த என்னை மேனேஜர் கூப்பிட்டார். ஒவ்வொரு கிணற்றடியிலும் எங்கள் கூடத்துச் சுத்தத் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் ஊற்றி மூடிக் கொண்டுவர வேண்டும். எடுக்கிற ஆளின் கையிலிருந்து எதுவும் கலக்கிறதா என்று பார்க்க. அந்தப் பாட்டிலிலும் அதே ரசாயனம். மேனேஜர் எழுந்து வந்து என் சட்டைக் காலரை மோந்து பார்த்தார். அன்றைக்கே அவரே போய்த் தண்ணீர் எடுத்து அவசரமாகச் சோதித்தார். கிணறு பளிங்கு மாதிரி இருந்தது. இதைத் தோட்டக்காரரிடம் நான்தான் போய்ச் சொல்லவேண்டும் என்றார்.

சொன்னேன். அவர் திட்டவில்லை. "வெசம் இல்லேன்னு சொன்னாகளா தம்பி? அது போதும்" என்றவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு வியாபாரிக்குப் போன் போட்டார். அப்போது பரீதா இடுப்பில் குடத்தோடு வந்தாள். விஷயத்தைக் கேட்டுக் குடத்தை இறக்கி வைத்தாள்.

"பத்து நாளா ரோட்டுக் கொழாயில இருந்து தண்ணி சொமக்குறேன். எங்க அத்தா பத்து நாளா உறங்கல. ஒங்களுக்கு வாசம் கேக்குதோ?"

மோட்டாரைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். எந்த முகத்தோடு பெண் கேட்பது? அடுத்த வருடம் அவளைக் கம்பம் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். கல்யாணத்தன்று நான் குச்சனூர்ப் பக்கம் யாரோ ஒருவருடைய கிணற்றில் கையுறை மாட்டிக்கொண்டு, இருபதே நிமிடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நீளமான இருபது நிமிடத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டுக்கு யார் வந்து தண்ணீர் கேட்டாலும், "இவுக கை படல, தைரியமாக் குடிங்க" என்பாள் என் மனைவி. கூட்டம் சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

போன மாதம் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் தண்ணீர் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. மனைவி வழக்கம்போலக் கதையை எடுத்துவிட்டாள். சிரித்த பெண்களுக்கு நடுவே பரீதா உட்கார்ந்திருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

"எனக்குக் குடுங்க" என்று கை நீட்டினாள். ஒரே மூச்சில் குடித்து, காலி டம்ளரை என்னிடம் தந்துவிட்டு எழுந்து போனாள்.

அதைக் கழுவப் போடாமல் ரொம்ப நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். மனைவி பார்த்துவிட்டாள். இப்போது அதையும் கதையில் சேர்த்துச் சொல்கிறாள்.