பொறாமையில் ஓடிய இன்ஜின்

மனைவி நீலாவதியை இனிமேல் சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டில் இருக்க வைத்தே தீருவது என்று உத்தமன் சபதம் எடுத்தார். பல் தேய்க்கும்போது எடுத்த சபதம் என்பதால் சத்தம் வெளியே வரவில்லை. வந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அந்த வீட்டில் அவர் சத்தமாகச் சொன்ன எதுவும் இதுவரை நடந்ததில்லை.

எல்லாம் ரஞ்சனாதியால் வந்த வினை. வங்காளத்தில் 'தி' என்றால் அக்கா. கல்கத்தா ஜாதவ்பூரில் இவர்கள் ஃப்ளாட்டுக்கு அடுத்த சந்தில் இருக்கிறார் அந்த அம்மா. யூனிவர்சிட்டி லேபில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ரிட்டயர் ஆன மற்றவர்கள் மார்க்கெட்டுக்குப் போய் மீனை அமுக்கிப் பார்ப்பார்கள். இவர் கார் ஷெட்டில் விமானம் கட்டுகிறார். பொம்மை இல்லை. ஆள் உட்கார்ந்து பறக்கிற விமானம். நீலாவதி ஒரு நாள் வேடிக்கை பார்க்கப் போனாள். அப்புறம் தினமும் போனாள். குழாய்க்கு மேல் துணியை இழுத்துக் கட்டி, பசை தடவி, இறக்கை செய்கிறாளாம்.

உத்தமன் துறைமுக ஒர்க்‌ஷாப்பில் சூப்பர்வைசர். வீட்டுக்கு வந்ததும் பேச ஆரம்பிப்பார். ஃபேன் ஏன் முனகுகிறது, பருப்பு ஏன் தீய்ந்தது, ரிமோட்டை யார் நகர்த்தினார்கள். இதையெல்லாம் கேட்க ஓர் ஆள் வேண்டாமா? அந்த ஆள் ஷெட்டில் இருந்தது.

"என்னங்க, ரஞ்சனாதி ரிவெட் அடிச்சா முத்துக் கோத்த மாதிரி இருக்கு."

"நானும்தான் அடிச்சிருக்கேன். கப்பல்ல."

"அந்தக் கப்பல் இன்னும் மிதக்குதா?"

"மிதக்குது. ஏன் கேக்கறே?"

"சும்மாதான்."

உத்தமனுக்கு வயிறு எரிந்தது. ஓர் ஆண்பிள்ளை மேல் பொறாமை என்றால் சட்டையைப் பிடிக்கலாம். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட அறுபது வயது அம்மாள் மேல் பொறாமை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? ராத்திரி புரண்டு புரண்டு படுத்தார்.

ஒரு நாள் நீலாவதி சாம்பாரைக் கலக்கிக்கொண்டே, கரண்டியிடம் சொல்வது மாதிரி சொன்னாள்.

"பாவம் ரஞ்சனாதி. இன்ஜின்தான் கிடைக்கலை. எல்லாமே வெயிட்டா இருக்காம். இலேசா ஒண்ணு செய்யறதுக்குக் கல்கத்தாவிலேயே ஆள் இல்லைங்கறாங்க."

"யார் சொன்னது?"

"ரஞ்சனாதிதான். அவங்களுக்குத் தெரியாததா?"

அவ்வளவுதான். உத்தமன் எழுந்து நின்றார். ரோட்டரி இன்ஜின் கட்டுவது, பால்கனியில் ஓட்டுவது, அடுத்த சந்து வரைக்கும் காது கிழிவது, ரஞ்சனாதி வந்து கெஞ்சுவது, 'தர முடியாது' என்று சொல்வது. திட்டம் நின்ற இடத்திலேயே தயார்.

"பிஸ்டனே கிடையாது நீலா. மேலயும் கீழயும் குதிக்கற வேலையே இல்லை. முக்கோணமா ஒரு ரோட்டர். ஒரு கூட்டுக்குள்ள சுத்திக்கிட்டே இருக்கும்."

"வேற ஒண்ணும் செய்யாதா?"

"சுத்தறதுதான் அதோட வேலையே!"

"தேவலை. உட்கார்ந்தே இருக்கறதுக்கு அது மேல்."

ஹவுராவில் ஒரு பட்டறையில் அலுமினியக் கூட்டை வார்த்து வாங்கினார். ரோட்டரைக் கடைந்தார். முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் கசியாமல் அடைக்க வைக்கிற சீல்தான் உயிரை எடுத்தது. ஒரு முனை பிடித்தால் இன்னொரு முனை ஒழுகும். ஆனால் அதிசயம் ஒன்று நடந்தது. நீலாவதி சீக்கிரமே வீட்டுக்கு வந்து டார்ச் பிடித்தாள்! உத்தமன் பூரித்துப்போனார். ரஞ்சனாதி ஷெட்டில் தனியாகக் கிடந்து பசை நாற்றம் பிடிப்பதை நினைத்து நினைத்துச் சிரித்தார்.

"இன்னும் கொஞ்சம் வெயிட்டைக் குறைங்க."

"எதுக்கு?"

"ஆம்பளைங்கன்னா குறைக்க முடியணும்."

குறைத்தார்.

"பின்னாடி நாலு போல்ட் ஓட்டை போடறீங்க இல்ல, அதை இவ்வளவு தள்ளித் தள்ளிப் போடுங்க." தையல் டேப்பை நீட்டிக் காட்டினாள்.

"எதுக்கு?"

"பார்க்க லட்சணமா இருக்கும்."

போட்டார். லட்சணத்துக்காகப் போல்ட் ஓட்டை போட்ட ஒரே மனிதர் உலகத்தில் அவர்தான். டார்ச் பிடிக்கிற மனைவி சொன்னால் எங்கே வேண்டுமானாலும் ஓட்டை போடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் இன்ஜினை ஓட்டினார். முதலில் இருமியது. அப்புறம் கத்தியது. மேல் வீட்டு ஜன்னல் அதிர்ந்தது. சந்து முழுவதும் "கீ ஹோலோ, கீ ஹோலோ" என்று, என்ன ஆச்சோ ஏது ஆச்சோ எனப் பதறி வெளியே வந்து நின்றது. நீலாவதி கை தட்டினாள். அவருக்காகத் தட்டினாள்! உத்தமன் அன்று ராத்திரி புரளவே இல்லை.

மறுநாள் வேலை முடிந்து வந்தால் பால்கனியில் எண்ணெய் வட்டம் மட்டும்தான் இருந்தது.

செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினார். விமானத்தின் மூக்கில் அவருடைய இன்ஜின். நாலு போல்ட்டும் நாலு ஓட்டையில், அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்திருந்தன. இரண்டு பெண்கள் தூக்கிக்கொண்டு படி இறங்கும் அளவுக்கு அதை இலேசாகச் செய்தவரும் அவரேதான்.

"எஷோ, உத்தம்பாபு! தாருண் இன்ஜின்!" என்று வங்காளத்தில் வரவேற்று, பிரமாதம் என்று புகழ்ந்து, ரஞ்சனாதி இன்ஜினைத் தடவிக் கொடுத்தார். அந்தத் தடவல்தான் உத்தமனால் தாங்க முடியவில்லை.

"கழட்டு! இப்பவே கழட்டு!"

"கழட்டிக்கங்க," என்றாள் நீலாவதி. "வேற இன்ஜின் வர்ற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன். எத்தனை வருஷம் ஆகுமோ."

உத்தமன் யோசித்தார். அவருக்கு வேண்டியது இன்ஜினா, பெண்டாட்டியா? முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார்.

"இன்ஜின் இங்கேயே இருக்கட்டும். ஆனா இனிமே தினமும் ஆறு மணிக்கு நீ வீட்ல இருக்கணும். சம்மதமா?"

நீலாவதி தலையைக் குனிந்துகொண்டாள். "சரிங்க."

ஜெயித்துவிட்டார்! ரஞ்சனாதியை மேலும் கீழும் பார்த்தார். அந்த அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வங்காளத்தில் கேட்டார்.

"நீலா போய்விட்டால் எனக்கு ஆள்? இன்ஜினை ட்யூன் செய்ய வேண்டும். உங்களுக்கு அது வருமா, உத்தம்பாபு? இல்லை, நல்ல மெக்கானிக் யாரையாவது..."

"நானே வருவேன்! தினமும் வருவேன்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று யோசித்தார். எப்போதும் அந்த வரிசையில்தான் அவருக்கு நடக்கும்.

அடுத்த நாள் சாயங்காலம். விமானத்தின் மூக்குக்குக் கீழே உத்தமன் மல்லாந்து கிடந்தார். நெற்றியில் எண்ணெய் சொட்டியது. ஃபேன் இல்லை. "அது இல்லை, பெரிய ஸ்பேனர்" என்று ரஞ்சனாதி அதட்டிக்கொண்டிருந்தார். அப்படியே கிடந்தபடி வீட்டுக்குப் போன் போட்டார்.

"எங்கே இருக்கே?"

"வீட்லதாங்க. நீங்கதானே சொன்னீங்க."

அதைக் கேட்டதும் நெஞ்சு நிமிர்ந்தது. மோதிக்கொண்டது இன்ஜினில். குரலைக் குழைத்துக் கேட்டார்:

"தனியா இருக்கறது கஷ்டமா இருக்கா நீலா?"

"இல்லங்க, நிம்மதியா இருக்கு. நீங்க அவசரப்படாம மெதுவா வாங்க."