மரகதத்தின் ஆஸ்திரேலியா விசா

திருக்காட்டுப்பள்ளி பேருந்து நிலையத்தில் இறங்கி ‘விசா சாமி’ என்றால் போதும், ஆட்டோக்காரர் வேறெதுவும் கேட்கமாட்டார். கனடா போகிறவன், துபாய் போகிறவன், அவர்களை வேடிக்கை பார்க்கப் போகிறவன் என்று விடியும் முன்பே கூட்டம். சாமியிடம் பாஸ்போர்ட் கிடையாது. அது ஞானிகளுக்குத் தேவைப்படாது போலும்.

முறை எளிது. பக்கத்து ஜெராக்ஸ் கடையில் விசாக் கடிதத்தை நகல் எடுத்து, நகலை அங்கேயே கொடுத்துவிட்டு, அசலை மஞ்சள் துணியில் முடிந்து சாமி முன்னால் வைக்கவேண்டும். சாமி முடிச்சைத் தொடமாட்டார். கண்ணை மூடி, உள்ளே இருப்பதை வரிவரியாகச் சொல்வார். நகல் எதற்கு என்று ஒருவரும் கேட்டதில்லை. பக்தி என்றால் அப்படி இருக்கவேண்டும்.

பிரபுவும் கேட்கவில்லை. அவனுக்கு ஆஸ்திரேலியாவில் பால்பண்ணை வேலை கிடைத்திருந்தது. “கல்யாணம் ஆச்சுன்னு எழுதுனா ஏழாமிடத்துச் சனி விசாவைப் புடிச்சுக்கும்” என்றார் சாமி. ‘மணமாகாதவர்’ என்று எழுதினான். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் மனைவி அனுராதாவின் பெயர் அச்சடித்துக் கிடந்தது. சனி விட்டார், அதிகாரி விடவில்லை. தவறான தகவல், விசா ரத்தாகும், நாளைக்குள் விளக்கம் எழுது என்று நோட்டீஸ் வந்தது.

“விளக்கமெல்லாம் வேணாம். பதினோரு வாரம் பரிகாரம் பண்ணு” என்றார் சாமி.

“நாளைக்குக் கெடு. பதினோரு வாரமாங்க?” என்றாள் அனுராதா, வீடு திரும்பியதும். “நான் ஒண்ணு சோதிச்சுப் பாக்குறேன். அவரு ஜெயிச்சா நீங்க பரிகாரம் பண்ணுங்க. தோத்தா, கல்யாணம் ஆனவன்னு கைப்பட எழுதுங்க.”

மறுநாள் காலை அனுராதா ஒரு கடிதத்தை ஜெராக்ஸ் கடையில் கொடுத்தாள். பிறகு சாமி முன்னால் மஞ்சள் முடிச்சை வைத்தாள். பிரபு அவளருகே உட்கார்ந்தான்.

சாமி கண்ணை மூடினார். “மரகதம்ங்கிற பொண்ணு… ஆஸ்திரேலியா… மூணு புள்ளைங்க, வயித்துல ஒண்ணு… புருஷன் பேரை மறைச்சதால விசா ரத்து!”

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

“பிரிச்சுக் காட்டுங்க” என்றாள் அனுராதா.

பிரபு முடிச்சை அவிழ்த்தான். ஒரு பிடி வைக்கோல். கடிதமே இல்லை.

“கடுதாசி கடையிலதான் இருக்கு. நேத்து நான் எழுதுனது. இருங்க, மரகதத்தையும் கூட்டியாறேன்.”

வாசலில் கட்டியிருந்த சினைப்பசுவை உள்ளே ஓட்டி வந்தாள். மரகதம் வைக்கோலைத் தின்று முடித்தது. அடுத்து, அதே நிறத்தில் இருந்த சாமியின் சடையைக் கவ்வி இழுத்தது. சடை முழுசாக வந்தது. கூடவே காதுக்குள்ளிருந்து ஒரு சின்னக் கருவியும் விழுந்தது.

பிரபு எடுத்துக் காதில் வைத்தான். ஜெராக்ஸ் கடைக்காரன் குரல்: “அண்ணே, அடுத்த டோக்கன் கனடா. பொய் அனுபவச் சான்று. கேக்குதா?”

“கேக்குதுடா” என்றான் பிரபு.

சாமி கொல்லைப்புறமாக ஓடினார். விசா இல்லாமலே.

பிரபு அங்கேயே உட்கார்ந்து எழுதினான்: ‘எனக்குத் திருமணமாகிவிட்டது. ஒரு மோசக்காரனை நம்பி மறைத்தேன்.’ விசா நிலைக்குமா என்பது அந்த அதிகாரி கையில். சனிக்கு அங்கே வேலையில்லை.

வரிசையில் நின்ற ஒருவர் மெல்லக் கேட்டார்: “தம்பி, இவரு போனா போறாரு. வேற நல்ல சாமி எங்க இருக்காரு?”

மரகதம் சடையை ஒருமுறை மென்று பார்த்துவிட்டுத் துப்பியது. அய்யா, உங்களுக்கும் அந்த மாட்டின் அளவுக்கு யோசனை இருந்தால் போதும்.