பூவலிங்கம் தொடக்கூடாத ஒயர்

ஒரு காட்டில், நடக்க நாலு கால் இருந்தும் எல்லோரும் கார் வாங்கித் தீர்த்த ஒரு காலத்தில், பூவலிங்கம் என்றொரு பெருச்சாளி இருந்தார். நரி கார் வாங்கிவிட்டது, உடும்பு வாங்கிவிட்டது, தவணை முறையில் நத்தைகூட ஒன்று வாங்கிவிட்டது. பிறகு இவர் மட்டும் என்ன பாவம் செய்தார்? இவரும் வாங்கினார்.

பூவலிங்கத்துக்கு மோட்டார் வேலையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏழு தலைமுறையாக அவருடைய வம்சம் பிள்ளை பெற்றதே நிறுத்திவைத்த கார்களின் பானெட்டுக்குள்தான். எந்த ஒயர் எங்கே போகிறது என்று அவர் கண்ணால் பார்க்கவே வேண்டாம், பல்லில் வைத்தால் சொல்லிவிடுவார். ஆனால் இது புதுக் கார். ஐந்து வருட வாரண்டி. அந்த வாரண்டிப் புத்தகம் காரைவிடக் கொஞ்சம்தான் சின்னது.

சாவி கொடுத்த அன்று, சர்வீஸ் சென்டரில் தவசி என்ற கொக்கு அவரை வழியனுப்பியது. வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, ஒற்றைக் காலில் நிற்பு. வாடிக்கையாளரைக் காக்கவைப்பதில் அதற்கு நல்ல பெயர்.

"சார், நீங்க ஹாரன் அடிக்கலாம், ஏசி போடலாம், கண்ணாடியை ஏத்தி இறக்கலாம். பானெட்டை மட்டும் திறக்காதீங்க. கம்பெனி கை தவிர வேற கை பட்டா வாரண்டி போயிடும்" என்றது கொக்கு.

பூவலிங்கம் தலையாட்டினார். அவருக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. தானே தொடக்கூடாத அளவுக்கு உசத்தியான ஒரு பொருள் தன் வீட்டு வாசலில் நிற்பது லேசுப்பட்ட காரியமா?

அவருக்கு ஒரே மகள், குமுதவல்லி. பெண்ணுக்கு வயது ஏறிக்கொண்டே போயிற்று. எட்டு மாதம் முடிந்துவிட்டது. ஏற்கெனவே இரண்டு இடம் கூடிவந்து தட்டிப்போயிருந்தது. பூவலிங்கம் வெளியே சிரித்துக்கொண்டு திரிந்தாலும் உள்ளுக்குள் மருகிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து அம்பலவாணர் என்ற பெருச்சாளி தன் மூத்த மகனுக்குப் பெண் பார்க்க வந்தார். பெண்ணை ஒரு நிமிடம் பார்த்தார். காரை ஒரு மணி நேரம் பார்த்தார். மூன்று தடவை சுற்றிவந்து டயரை மோந்தார்.

"வாரண்டி இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கு?" என்று கேட்டார்.

"நாலே முக்கால் வருசம் அண்ணாச்சி."

"வண்டி ஓடுறதும் ஓடாததும் அவனவன் தலையெழுத்து. வாரண்டி இருக்கணும். அதான் குடும்பத்துக்குக் கௌரவம்" என்றார் அம்பலவாணர். பேச்சு முடிந்தது. வாரண்டிப் புத்தகத்தைத் தேங்காய் பழத்தோடு சீர்த்தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. முகூர்த்தம் வெள்ளிக்கிழமை காலை. முந்தின நாள் சாயங்காலம் அந்தக் காரிலேயே மாப்பிள்ளை அழைப்பு.

கல்யாண வாரம் திங்கட்கிழமை காலையில் கார் கிளம்பவில்லை. சாவியைத் திருகினால் 'க்ளுக்' என்றது, அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. பூவலிங்கத்தின் மூளை யோசிப்பதற்குள் கை பானெட்டைத் திறந்துவிட்டது. ரத்தத்தில் ஊறியதை என்ன செய்வது? ஒரு ஒயர் சாக்கெட்டிலிருந்து நழுவிக் கிடந்தது. சொருகினார். கார் கிளம்பியது. மொத்தம் அரை நிமிடம்.

அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. கை பட்டுவிட்டதே! கம்பெனிக்குத் தெரிந்தால் வாரண்டி போகும், வாரண்டி போனால் சம்பந்தம் போகும், இது மூன்றாவது இடம். பக்கத்தில் நின்ற குமுதவல்லி, வண்டிதான் ஓடுகிறதே, பேசாமல் மூடிவிட்டு வாருங்கள் என்றாள்.

"ஓடுது தாயி. ஆனா முறைப்படி ஓடலையே" என்றார் பூவலிங்கம்.

ஆகவே ஒயரை மறுபடி கழற்றிவிட்டுக் கம்பெனியிடமே கொண்டுபோவது என்று முடிவு செய்தார். இந்தத் தடவை விஷயம் தெரிந்தவராக நடந்துகொண்டார். கை படக்கூடாது என்றுதானே கொக்கு சொன்னது? அதனால் பல்லால் கடித்து இழுத்தார். தன் புத்திசாலித்தனத்தை நினைத்து அவருக்கே திருப்தியாக இருந்தது. இரண்டு எருமைகளைப் பூட்டி, ஓடக்கூடிய காரைச் சர்வீஸ் சென்டருக்கு இழுத்துக்கொண்டு போனார்.

அங்கே டோக்கன் கொடுத்தார்கள். டோக்கனுக்குப் பிறகு ஒரு படிவம். படிவத்தில் வண்டியின் குறை, குறை தொடங்கிய நேரம், அப்போது உரிமையாளரின் மனநிலை எல்லாம் கேட்டிருந்தார்கள். செவ்வாய் முழுக்க வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் இருந்த முயல் பிரேக் பிடிக்காத வண்டியோடு வந்து, முறைப்படி காத்திருந்ததில் கிழடாகிவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். அதில் எவ்வளவு உண்மை என்று நமக்குத் தெரியாது. புதன்கிழமை மதியம் தவசி ஒரு போட்டோவோடு வந்தது. ஒயரில் பதிந்த பல்தடத்தைப் பெரிதாக்கி எடுத்த படம்.

"எலிக்கடி சார். நூத்திப் பன்னெண்டாம் பக்கம் பாருங்க. எலி இனத்தால் வரும் சேதத்துக்கு வாரண்டி கிடையாது."

"தம்பி, அது நான்தான். நான் இந்த வண்டிக்கு ஓனர்."

"நீங்க ஓனர்தான் சார். ஆனா பல்லு எலிப் பல்லு."

பூவலிங்கம் விடவில்லை. அப்படியானால் அந்த ஒயரைத் தானே சொருகி எடுத்துக்கொண்டு போய்விடுவதாகக் கெஞ்சினார். அரை நிமிட வேலை என்றும் சொன்னார். கொக்கு அனுதாபத்தோடு காலை மாற்றி நின்றது.

"தாராளமா செய்யலாம் சார். இப்ப இந்த ஒயருக்கு மட்டும்தான் வாரண்டி இல்லை. நீங்க தொட்டா மொத்த வண்டிக்கும் இல்லாமப் போயிடும்."

பூவலிங்கத்துக்கு அழுகை வந்துவிட்டது. நாளை மறுநாள் கல்யாணம் என்று சொல்லிக் கொக்கின் காலைப் பிடித்தார். ஒரு கால்தான் கிடைத்தது. கொக்கும் கல் நெஞ்சமில்லை. புத்தகத்தைப் புரட்டி நூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்தில் ஒரு வழி கண்டுபிடித்தது. வண்டியின் உரிமையாளர்களில் ஒருவர் பாம்பாக இருந்தால் எலிக்கடிக்கு வாரண்டி உண்டு. பாம்பு இருக்கும் வண்டிக்குள் எலி நுழையாது என்பது கம்பெனியின் கொள்கை. நுழையாத எலி கடித்தால் அது தயாரிப்புக் குறை. தயாரிப்புக் குறையைக் கம்பெனி இலவசமாகச் சரிசெய்து தரும்.

அதற்கென்றே காத்திருப்போர் அறையில் நல்லபெருமாள் என்ற சாரைப்பாம்பு சோபாவில் சுருண்டிருந்தது. பல வண்டிகளுக்கு அது பங்கு உரிமையாளர். வால் நுனியை மையில் தோய்த்து எங்கே வேண்டுமானாலும் வைக்கும். ஒரே ஒரு நிபந்தனைதான். புது உரிமையாளர் முதல் ஓட்டத்தில் வண்டிக்குள் இருந்தாக வேண்டும், அது கம்பெனி விதி. பூவலிங்கத்தின் மீசை நடுங்குவதைப் பார்த்து நல்லபெருமாள் ஆறுதல் சொன்னது.

"பயப்படாதீங்க அண்ணாச்சி. கல்யாணம் வெள்ளிக்கிழமைங்கீங்க. வெள்ளிக்கிழமை நான் கவுச்சி தொடுறதில்லை. முப்பது வருச விரதம்."

பூவலிங்கத்துக்கு உயிர் வந்தது. விரதக்காரரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று கூச்சமாகக்கூட இருந்தது. கல்யாண வீட்டுக்காரன் மண்டையில் முகூர்த்த நாள் ஒன்றுதான் நாள். மற்ற கிழமையெல்லாம் அவனுக்கு வெறும் அலைச்சல். கையெழுத்துப் போட்டார், வாலும் பதிந்தது. வியாழக்கிழமை மதியம் தலைமை டெக்னீஷியனான ஆமை மெதுவாக நடந்துவந்து, ஒயரைச் சொருகி, மெதுவாகத் திரும்பிப் போனது. சேவை எப்படி இருந்தது என்று தவசி ஒரு தாளை நீட்டியது. பத்துக்குப் பத்து போடாவிட்டால் தன் வேலை போய்விடும் என்றும் காதோடு சொன்னது. பூவலிங்கம் பத்து போட்டார். வேறு என்ன செய்வார்?

அன்று சாயங்காலம் காருக்கு வாழைக்கன்று கட்டி, செவ்வந்திச் சரம் தொங்கவிட்டு, சில்வண்டுகளின் நாயனத்தோடு மாப்பிள்ளை அழைப்பு புறப்பட்டது. கறுப்புக் கண்ணாடியும் மாலையுமாக மாப்பிள்ளை பின்சீட்டில் உட்கார்ந்தார். நல்லபெருமாள் அவருக்குப் பக்கத்தில். முன்சீட்டில் இடமில்லை, அங்கே சீர்த்தட்டில் வாரண்டிப் புத்தகம் இருந்தது. மாப்பிள்ளை ஒருமுறை வெளியே நின்ற அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அம்பலவாணர், எல்லாம் நூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது, பேசாமல் உட்கார் என்று அதட்டினார். கார் தேனாக ஓடியது. ஓட்டிய பூவலிங்கம் கண்ணாடியில் ஒருமுறை பின்னால் பார்த்திருக்கலாம். ஆனால் அவர் காதும் கருத்தும் இன்ஜினிலேயே இருந்தன. முறைப்படி சரிசெய்த வண்டியின் சத்தமே தனி என்று நினைத்துக்கொண்டார்.

பந்தல் வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் நின்றார்கள். கார்க் கதவைத் திறந்தார்கள். சீட்டில் மாலை இருந்தது, கறுப்புக் கண்ணாடி இருந்தது. நல்லபெருமாள் நடுவில் மட்டும் கொஞ்சம் பருத்திருந்தது.

"இன்னைக்கு வியாழன்தானே?" என்றது நல்லபெருமாள்.

வியாழன்தான். நாயனம் நின்றது. பூவலிங்கம் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு ஒயர், அரை நிமிடம் என்று சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அம்பலவாணரும் அழுதார். பெற்ற மனம், பற்றி எரியாதா? ஆரத்திச் சூடம் அணையும் மட்டும் அழுதார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, விருந்துக்கு வந்திருந்த தவசியின் பக்கம் திரும்பினார்.

"வாரண்டி?"

கொக்கு சீர்த்தட்டிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பொறுமையாகப் புரட்டியது.

"வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை. சீட்டுல கறையும் இல்லை. வாரண்டி செல்லும் சார்."

அம்பலவாணர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு தன் ஆட்களைப் பார்த்துச் சொன்னார்: "அப்ப அந்த மாலையைச் சின்னவன் கழுத்துல போடுங்க."

மணப்பெண் குமுதவல்லி அப்போது ஒரு கேள்வி கேட்டாள். சின்னவருக்கு வண்டி வேலை தெரியுமா என்று.

"எல்லாம் தெரியும் தாயி. ஆனா தொடமாட்டான்" என்றார் அம்பலவாணர்.

மறுநாள் குறித்த நேரத்தில் தாலி ஏறியது. அன்று வெள்ளிக்கிழமை என்பதால் நல்லபெருமாள் முதல் பந்தியில் உட்கார்ந்து பாயசம் மட்டும் சாப்பிட்டது.

நீதி: மாப்பிள்ளை தொலைந்தால் மாற்று உண்டு, வாரண்டி தொலைந்தால் மாற்று இல்லை, ஆகவே காரில் எதைப் பின்சீட்டில் வைப்பது என்று அறிந்து வைக்க வேண்டும்.