மெஷின் பார்க்கப் போன புளியங்கட்டை

எதையும் சோதித்துப் பார்க்காமல் வாங்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. தேங்காய் என்றால் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பேன். மீன் என்றால் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். வெண்டைக்காயின் நுனியை ஒடித்து ஒடித்தே பேர் வாங்கியவள் நான். எங்கள் பக்கத்துச் சந்தையில் என் தலை தெரிந்தால் கூடையின் மேல் சாக்கை இழுத்துப் போடுகிற காய்கறிக்காரம்மா ஒருத்தி உண்டு. (போடட்டும். முத்தின காயை எதுக்கு விக்கணும்?) இதெல்லாம் பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நாற்பத்தைந்து வயது வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். விழுப்புரத்தில் ஒரு விறகு பிளக்கும் மெஷின் முன்னால், நல்ல புடவையில் எண்ணெய் வழிய நின்றபோதுதான் அந்த நினைப்பு கலைந்தது.

எங்கள் வீடு ஓமந்தூர் பக்கம். என் வீட்டுக்காரர் ஏழுமலைக்கு விறகுதான் பிழைப்பு. காற்றில் சாய்ந்த மரமோ, வீடு கட்ட வெட்டிப் போட்ட மரமோ, எங்கே கிடந்தாலும் பேசி வாங்கிப் பிளந்து, எங்கள் மினி டிராக்டரில் ஏற்றிக் கல்யாணச் சமையலுக்கும் டீக்கடைகளுக்கும் கொண்டுபோய்ப் போடுவார். இருபது வருடமாகக் கோடாலி பிடித்த கை. ஒரு கட்டையைச் சுற்றி வந்து பார்ப்பார், காலால் லேசாகப் புரட்டுவார், ஒரே போடு. இரண்டாகப் பிளந்து கிடக்கும். ரோட்டில் போகிறவர்கள் பைக்கை நிறுத்தி வேடிக்கை பார்ப்பதுண்டு. அவர் அதைக் கவனிக்காத மாதிரியே இருப்பார். ஆனால் அடுத்த போடு கொஞ்சம் அழகாக விழும்.

அந்த வலது தோள்தான் போய்விட்டது. பாண்டிச்சேரி டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, உள்ளே தசை கிழிந்திருக்கிறது, இனிமேல் கோடாலி தூக்கினால் கையே தூக்க வராது என்று சொல்லிவிட்டார். இவர் நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டினார். மறுநாள் நான் ரேஷன் கடைக்குப் போய்த் திரும்பினால் வீட்டுக்குப் பின்னால் கோடாலிச் சத்தம் கேட்கிறது. கோடாலியை ஒளித்து வைத்தேன். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினார். அவர் கை போய்விட்டால் என்ன ஆகும் என்று எனக்குப் பயம். அந்தப் பயத்தை எனக்கு ஒரு விதமாகத்தான் காட்டத் தெரியும். திட்டினேன். ஒரு வாரம் திட்டினேன். அவர் பேச்சை நிறுத்திவிட்டார்.

டிராக்டரில் மாட்டி விறகு பிளக்கிற மெஷின் இருக்கிறது என்று என் மகள்தான் போனில் வீடியோ அனுப்பினாள். எல்லாம் வெளிநாட்டு வீடியோ. மரத்தை வைத்தவுடன் அப்பளம் மாதிரி உடைகிறது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த ஊர் மரம் உடையும், நம்ம ஊர்ப் புளியும் வேலிக்காத்தானும் அப்படியா உடையும்? சோதித்துப் பார்க்க வேண்டாமா? நம் கட்டையை நாமே எடுத்துக்கொண்டு போய், கடையில் வைத்துப் பிளக்கச் சொல்லிப் பார்த்துத்தான் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

"நம்ம கட்ட ஒண்ணு எடுத்துக்கினு வாங்க. அத்த பொளந்தாத்தான் மெஷினு" என்றேன்.

ஒரு வாரமாக முகம் கொடுக்காத மனிதர் சட்டென்று எழுந்து பின்பக்கம் போனார். அரை மணி நேரம் கழித்து ஒரு புளியங்கட்டையை உருட்டிக்கொண்டு வந்தார். ஒரு சின்ன ஆட்டுக்கல் அளவு. பரவாயில்லை, மனிதர் இறங்கி வந்துவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

டிராக்டரிலேயே போய்விடலாம் என்றார். ஸ்டீரிங் திருப்பினால் தோளுக்கு ஆகாது, பஸ்ஸில்தான் போக வேண்டும் என்று நான் சட்டம் போட்டேன். கட்டையை உரச் சாக்கில் போட்டு நைலான் கயிற்றால் கட்டினோம். என் கையில் மெஷின் படங்கள் வைத்த ஃபைல், குடை, தண்ணீர் பாட்டில், கைப்பை. (நான் மட்டும் சும்மாவா போனேன்?) திண்டிவனம் பஸ்ஸில் கண்டக்டர் சாக்கைக் காலால் தட்டிப் பார்த்து, உள்ளே என்ன என்று கேட்டார். கட்டை என்றேன். எதற்கு என்றார். மெஷின் பார்க்கப் போகிறோம் என்றேன். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்பக்கம் போய்விட்டார்.

திண்டிவனத்துக் கடையில் இருந்தது திருகு மாதிரி ஒன்று. டிராக்டருக்குப் பின்னால் சுற்றுகிற தண்டில் அதை மாட்டிவிட வேண்டும். கூம்பாக இருக்கும் அந்தத் திருகு சுற்றிக்கொண்டே மரத்துக்குள் ஏறிப் பிளக்கும். கடைப் பையன் வேண்டாம் அக்கா, இது ரொம்பக் கெட்டியாக இருக்கிறது என்று மூன்று தடவை சொன்னான். தட்டிப் பார்க்காமல் வாங்குகிற ஆள் நான் இல்லை என்றேன். வைத்தான். திருகு இரண்டு விரல்கடை ஏறியது. அதற்கு மேல் ஏறாமல் கட்டையையே பிடித்துச் சுற்ற ஆரம்பித்தது. பையன் கையை விட்டுவிட்டுக் குதித்தான். கட்டை பறந்து போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை உடைத்துவிட்டு உட்கார்ந்தது. நல்ல வேளை, நாற்காலியில் யாரும் இல்லை.

மெஷின் சரியில்லை என்று தீர்ப்பு சொல்லிவிட்டு வெளியே வந்தேன். என் வீட்டுக்காரர் டீ குடித்தார். வடை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதோடு, "விழுப்புரத்துலகூட ஒரு கடை கீதாம். அத்தையும் பாத்துடலாம்" என்று அவரே சொன்னார். ஒரு வாரமாக மெஷின் என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போனவர் இப்படிச் சொல்கிறாரே என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ஜெயித்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைக்கிறவளுக்கு என்ன தோன்றும்?

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கடை பக்கம்தான் என்று நடத்தியே கூட்டிப் போனேன். பக்கம் இல்லை. நான் எப்போதும் முன்னால் விறுவிறுவென்று நடப்பவள். ஃபைலை ஆட்டிக்கொண்டு முன்னால் போனேன். அவர் சாக்கோடு பின்னால் வந்தார்.

அந்தக் கடையின் மெக்கானிக்கை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். ஒல்லியான மனிதர். அதிகம் பேச மாட்டார். அங்கே இருந்தது எண்ணெய் அழுத்தத்தில் ஓடுகிற மெஷின். டிராக்டரிலிருந்து டியூப் வழியாக எண்ணெய் வரும். ஒரு இரும்புத் தூண் கட்டையை மெதுவாக ஆப்பின் மேல் தள்ளும். பாய் எங்கள் கட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேறு கட்டை வைக்கட்டுமா என்றார். இதைத்தான் வைக்க வேண்டும் என்றேன், கடை முழுக்கக் கேட்கிற மாதிரி. எதிர் டீக்கடையில் இருந்தவர்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

ஆப்பு நாலு விரல்கடை இறங்கியது. நின்றது. டிராக்டர் முக்கியது, கரும்புகை விட்டது. இன்னும் தள்ளுங்கள் என்று நான் கிட்டே போய்க் குனிந்தேன். அப்போதுதான் அந்த டியூப் பிடுங்கிக்கொண்டது. தலை, முகம், போன பொங்கலுக்கு எடுத்த புடவை, எல்லாம் எண்ணெய். கட்டை ஆப்பில் மாட்டிக்கொண்டு முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை.

இதுவும் ஒரு மெஷினா என்று நான் ஆரம்பித்தேன். பாய் வண்டியை நிறுத்திவிட்டு, துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, கட்டைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து அதன் நெளிவு மேல் விரலை ஓட்டினார்.

"இந்தக் கட்டய யாரு பொறுக்கி எடுத்தது?"

"எங்க ஊட்டுக்காரரு. இருபது வருஷமா வெறகு பொளக்கறவரு" என்றேன் பெருமையாக.

"அதான பாத்தேன். மூணு கிளை பிரியற எடம்மா இது. நாரு ஒண்ணுமேல ஒண்ணு முறுக்கிக்கினு போவுது. தெரியாதவன் கையில இப்பிடி ஒரு கட்ட சிக்காது. எந்த மெஷினுக்கும் மசியாதுன்னு தெரிஞ்சேதான் தேடி எடுத்தாந்துகீறாரு."

திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் கரண்டு கம்பியில் உட்கார்ந்திருந்த காக்காயை அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்ததே எனக்குக் கோபம். கூட்டம் இருக்கிறது, மூஞ்சியில் எண்ணெய் இருக்கிறது, எதுவும் நினைவில்லை. டாக்டர் சொன்னது, கோடாலியை ஒளித்தது, இரவல் வாங்கியது, ஒன்று விடாமல் ஊருக்கே சொன்னேன். இந்த மனுஷன் தோள் நல்லபடியாக இருக்க வேண்டும் என்றுதானே ஊர் ஊராக அலைகிறேன் என்று சொல்லும்போது அழுகையே வந்துவிட்டது. பாய் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"சரிம்மா. தோளு போன ஆளுன்றீங்க. இம்மாம் பெரிய கட்டய இங்க வரிக்கும் தூக்கியாந்தது யாரு?"

 அப்புறம் டீக்கடைக் கூட்டம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! இடது தோளில்தானே தூக்கினார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் சட்டையைப் பார்த்தேன். இரண்டு தோளிலும் சாக்குத் தூசி. எத்தனை தடவை தோள் மாற்றினாரோ, முன்னால் நடந்த எனக்கு எப்படித் தெரியும்? டாக்டர் படம் எடுத்துப் பார்த்துச் சொன்ன தோளில், மெஷின் நல்லதா கெட்டதா என்று பார்ப்பதற்காக, நானே பாரத்தை ஏற்றி இரண்டு ஊர் சுற்றிக் காட்டியிருக்கிறேன். ஸ்டீரிங் மட்டும் பிடிக்கக் கூடாது! அந்த இடத்தில் எனக்குக் கூசிப்போய்விட்டது.

கடை வாசல் பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். தோள் வலிக்கிறதா என்று கேட்டேன். அன்று காலையிலிருந்து அதை நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. வலிக்குது என்றார். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"மெஷினு வந்துட்டா லிவர இழுக்க யாரா இருந்தாலும் போதும். அப்பால நான் இன்னாத்துக்கு?"

"சும்மா என் எதிருல குந்திக்கினு இருக்கத்தான். போதுமா?" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். எனக்கு வேறு மாதிரி சொல்ல வராது. அவருக்கு அது புரிந்தது என்று நினைக்கிறேன். என் ஃபைலை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

இதற்குள் பாய் டியூபைச் சரி செய்துவிட்டார். பக்கத்தில் இருந்த வேறு மெஷினைக் காட்டி, இதில் கட்டையைத் தூக்கவே வேண்டாம், தரையில் உருட்டி நிமிர்த்தினால் போதும், ஆப்பு மேலிருந்து இறங்கும் என்றார். உங்கள் சின்ன டிராக்டருக்கு இந்த அளவுதான் தாங்கும் என்றும் சொன்னார். எந்த மெஷின் பிளக்கும் என்று பார்த்தேனே தவிர, யார் தூக்கி வைப்பது என்று நான் யோசிக்கவே இல்லை. ஃபைல் முழுக்கத் தேடினாலும் அந்தக் கேள்வி இருக்காது.

பாய் ஒரு வேப்பங்கட்டையை நிறுத்தினார். ஆப்பு பாதியில் திணறியது. என் வீட்டுக்காரரால் பெஞ்சில் உட்கார முடியவில்லை. எழுந்து போய்க் கட்டையைச் சுற்றி வந்து பார்த்தார், ஆப்பை மேலே ஏற்றச் சொல்லிக் காலால் கொஞ்சம் திருப்பி வைத்தார், லிவரை இடது கையால் இழுத்தார். படார் என்று பிளந்தது. இன்னொன்று கேட்டார். அப்புறம் இன்னொன்று. கடையில் கிடந்த கட்டையெல்லாம் தீர்ந்த பிறகுதான் கிளம்பினோம். ரோட்டில் போன ஒருவர் பைக்கை நிறுத்திவிட்டுப் பார்த்தார். கடைசிக் கட்டை கொஞ்சம் அழகாகப் பிளந்த மாதிரி எனக்குப் பட்டது.

அந்த மெஷினைத்தான் வாங்கினோம். புளியங்கட்டையைப் பாய் எப்படியோ ஆப்பிலிருந்து கழற்றி, வீட்டுக்குத் தூக்கிப் போக வேண்டாம் என்று தானே வைத்துக்கொண்டார். அங்கேதான் வந்தது வினை. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அந்தக் கட்டையைக் காட்டிக் கதை சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது. வீட்டிலும் தப்ப முடியாது. யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்று நான் புத்தி சொல்ல ஆரம்பித்தால் போதும், "கட்டய யாரும்மா தூக்கறது?" என்பாள் என் மகள்.

போன மாசம் திண்டிவனத்தில் ஒரு கல்யாண வீட்டுக்கு விறகு இறக்கிக்கொண்டிருந்தோம். மேல்மலையனூர் பக்கத்திலிருந்து வந்த சமையல்காரர் எங்கள் மெஷினைப் பற்றி விசாரித்தார். பிறகு சிரித்துக்கொண்டே, விழுப்புரத்தில் கேள்விப்பட்டாராம், ஒரு பொம்பளை புருஷனுக்குத் தோள் வலி என்று மெஷின் வாங்கப் போய், அவன் தோள் மேலேயே கட்டையை ஏற்றிக்கொண்டு போனாளாம் என்றார். அப்படியும் பொம்பளைங்க இருக்காங்களா என்று நானும் வாய் கூசாமல் கேட்டேன்.

என் வீட்டுக்காரர் வண்டியிலிருந்து விறகைத் தள்ளுவதை நிறுத்தினார்.

"கீறாங்க. ஆனா அந்தாளு கை இன்னிக்கும் வேல செய்யுதுன்னா அது அந்தப் பொம்பளையாலதான். கத சொல்லும்போது அத்தையும் சேத்து சொல்லுங்க."

சமையல்காரர் ஆச்சரியமாக, "உங்களுக்கு அவங்கள தெரியுமா?" என்றார்.

"கொஞ்சம் பழக்கம்" என்றார்.